வடக்குத் தெருவின் நூற்றுப் பன்னிரண்டு வாக்குகள்

நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் கிடந்தது. சீனியம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், போட்ட தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், பிறகு டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கப் பாயில் உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு டம்ளர். இடது பக்கம் எவர்சில்வர், அது விஜயராணிக்கு. வலது பக்கம் பித்தளை, அது முத்துக்கனிக்கு. நடுவில் முறத்தில் புளியங்கொட்டை, எண்ணிப் போட்ட நூறு. கொட்டை விழும் சத்தத்தை வைத்து வாசலில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கணக்குப் போட்டுவிடக் கூடாதென்று இரண்டு டம்ளரிலும் பழைய சேலைத் துண்டைச் சுருட்டி அடியில் வைத்திருந்தாள். எண்ணி முடிகிற வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று பேச்சு, அதனால் வாசலில் பூவரச மரத்தடியில் மகளிர் குழுப் பெண்கள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளையும் சேர்த்தால் முப்பத்தொன்று. நாலிலிருந்து ஐந்து வரை லோக்கல் கேபிளில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கும் இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசுவார்கள். யார் ஜெயித்தாள் என்று சீனியம்மாள் எண்ணிச் சொல்வாள். அவள் சொல்லும் பெண்ணுக்கே வடக்குத் தெரு மொத்தமும் வாக்குப் போடும். குழுவின் தீர்மான நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. இருபத்தேழு கையெழுத்து, நாலு கைநாட்டு. நாற்பத்தேழு வீடு, நூற்றுப் பன்னிரண்டு வாக்கு. நூற்றுப் பன்னிரண்டு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நிமிர்ந்த முதுகை அப்படியே விட்டுவிட்டாள்.

போன தேர்தலில் இதே நூற்றுப் பன்னிரண்டும் ஐம்பத்தெட்டு ஒரு பக்கம், ஐம்பத்தொன்று ஒரு பக்கம், மூன்று செல்லாதவை என்று சிதறிப் போயின. அவளாக வீடு வீடாக மனதில் கூட்டிப் பார்த்த கணக்கு அது, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் அதிகம் தப்பியிருக்காது. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் ஊர் மொத்தத்தில் வித்தியாசம் வெறும் அறுபத்துநாலு. ஜெயித்தவர், உங்கள் தெரு எனக்கா போட்டது என்றார். தோற்றவர், உங்களுக்கு என்னிடம் என்ன கேட்க இருக்கிறது என்றார். தண்ணீர்க் குழாய் ரேஷன் கடை மூலையோடு நின்றுபோயிற்று. அந்த மூலைக் குழாயிலிருந்து அவள் வீட்டு வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு நடை, அவள் எண்ணி வைத்தது. குடம் சுமந்து திரும்பும்போது நானூற்றிருபத்தைந்து ஆகிறது, சுமையோடு காலை எட்டிப் போட முடியாது. இந்த முறை சிதறக் கூடாது என்று அன்னலட்சுமிதான் சொன்னாள். குழுத் தலைவி, பன்னிரண்டாவது படித்தவள். யாரைச் சேர்ந்து ஆதரிக்கலாம் என்றதும் சண்டை. குழுவில் இருக்கிற செல்லக்கிளிக்கு விஜயராணி மதினி முறை. முத்துக்கனியோடு நூறுநாள் வேலைக்குப் போனவர்கள் ஒன்பது பேர். கடைசியில், டிவியில் பேசட்டும், நன்றாகப் பேசுகிறவளுக்குப் போடுவோம் என்று ஆயிற்று. நன்றாகப் பேசியது யாரென்று யார் சொல்வது? அப்போது குருவம்மாதான் கை நீட்டினாள். "சீனியக்கா சொல்லட்டும். முப்பத்தேழு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல செக்கிங். ஒரு பெட்டி திரும்பி வந்ததில்ல." செல்லக்கிளிகூட மறுபேச்சுப் பேசவில்லை. "சீனியக்கான்னா எனக்குச் சம்மதம். அது யாருக்கும் கூடக் குறைய வைக்காது" என்றாள். சீனியம்மாளுக்குக் காது சூடாயிற்று. அந்த நிமிடத்தில் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

இசை வந்தது, விளம்பரம் வந்தது, பாத்திரக் கடை, பல் ஆஸ்பத்திரி, மறுபடி பாத்திரக் கடை. பிறகு ஒரு ஆண் குரல் வணக்கம் சொன்னது. மொத்தம் எட்டுக் கேள்வி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நிமிடம், நேரம் முடிந்தால் மணி அடிக்கப்படும். சீனியம்மாள் கண்ணைச் சுவரில் இருந்த ஆணியில் வைத்தாள். ஆபீசிலும் அப்படித்தான், மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். முகத்தைப் பார்த்தால் இது யார் அடைத்த பெட்டி என்று தெரிந்துவிடும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் சொன்னவளா, நேற்று குழம்பு கொடுத்தவளா என்று நினைப்பு வரும். நினைப்பு வந்தால் விரல் மழுங்கும். பெட்டியைப் பாதி திறந்து கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உள்ளே இருக்கிற கழிவு தெரிந்துவிடும். கழிவு மூன்று வகை. மருந்துத் தலை இல்லாத மொட்டைக் குச்சி. மருந்தில் ஒட்டிக்கொண்ட ரெட்டைக் குச்சி. ஒடிந்த குச்சி. பேச்சிலும் அதுதானே, வேறென்ன இருக்கிறது என்று நேற்று அரிசி களையும்போது யோசித்து வைத்திருந்தாள். விஷயமே இல்லாமல் நீளுகிற பேச்சு மொட்டை. சொன்னதையே திரும்பச் சொல்வது ரெட்டை. ஆரம்பித்து முடிக்காமல் விடுவது ஒடிந்தது. மணி அடித்து நிறுத்தினாலும் ஒடிந்ததுதான். ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு கொட்டை. எந்த டம்ளரில் கொட்டை குறைவோ அவள் ஜெயித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஐந்தாவது வரை படித்த தலை தானாகக் கண்டுபிடித்த வழி. அன்னலட்சுமிக்குக்கூட இது தோன்றியிருக்காது.

முதல் கேள்வி, ஏன் நிற்கிறீர்கள். விஜயராணியின் குரல் பால் பொங்கி அடங்கின மாதிரி மெதுவாக, இதமாக வந்தது. ஊர் மக்களின் அன்பால் நிற்கிறேன், எல்லோரையும் அரவணைத்துச் செல்வேன், நன்றி. முடிந்தது. கட்டைவிரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. முத்துக்கனி தொண்டையைச் செருமினாள். நான் எதுக்கு நிக்கிறேன்னா, நான் எதுக்கு நிக்கிறேன்னா என்று இரண்டு தடவை சொன்னாள். பித்தளை டம்ளரில் ஒரு கொட்டை. போன வருஷம் கண்மாய்க் கரையில் வேலை பார்க்கும்போது என்று ஆரம்பித்து, கரையை விட்டு மடைக்குப் போய், மடையை விட்டு மடைச் சாவிக்குப் போய், அதாவது நான் சொல்ல வந்தது என்னன்னா என்கிறபோது மணி அடித்துவிட்டது. மொட்டை ஒன்று, ஒடிந்தது ஒன்று. முதல் கேள்வியிலேயே மூன்று கொட்டை. பாவிப் பெண்ணே, ஒரு இடத்தில் நில்லேன் என்று சீனியம்மாளுக்கு இருந்தது. உடனே அந்த நினைப்பை வெட்டினாள். அது முகத்தைப் பார்ப்பது மாதிரிதான். குரலைக் கேட்டு இரக்கப்படுவதும் முகம் பார்ப்பதுதான். வாசலில் குருவம்மாவின் குரல் கேட்டது. "உள்ள என்ன, அடை காக்காளா? கொட்டை விழுற சத்தத்தையே காணும்." யாரோ சிரித்தார்கள். அன்னலட்சுமி அதட்டினாள். "சும்மா இரு மதினி. எண்ணிக்கை தப்பிரும்." தப்பாது என்று சீனியம்மாள் சுவரிடம் சொன்னாள். பொங்கலுக்கு முந்தின நாள் ஆபீஸ் முழுக்க ரேடியோ போட்டுக் கத்துவார்கள், அப்போதே தப்பியதில்லை.

இரண்டாவது கேள்வி தண்ணீர். அவள் கை தானாக முறத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டது. தண்ணீர் எல்லோருக்கும் அடிப்படைத் தேவை, இது குறித்து அனைவரையும் கலந்து பேசி நல்ல முடிவு எடுக்கப்படும், நன்றி என்றாள் விஜயராணி. குச்சி குச்சியாக, வரிசையாக, தலை தெற்கே கால் வடக்கே. கொட்டை கையிலேயே இருந்தது. முத்துக்கனி மூச்சு வாங்கினாள். வடக்குத் தெருவுக்கு முந்நூத்திப் பத்து மீட்டர் குழாய் வேணும், நானே கயிறு வச்சு அளந்தேன், ஆனா குழாய் போட்டா மட்டும் தண்ணி வராது, மேல்நிலைத் தொட்டிக்கிட்ட ரெண்டு வால்வு இருக்கு, ஒண்ணு துருப்பிடிச்சுப் போச்சு, அதனால தண்ணி மேற்க போகுது, மேற்க போற தண்ணிதான், அதாவது அந்த வால்வுதான், ரெண்டு வால்வு இருக்கு. ரெட்டை ஒன்று, ரெட்டை இரண்டு. கொட்டைகள் துணியில் சத்தமில்லாமல் விழுந்தன. ஆனால் முந்நூற்றுப் பத்து மீட்டர். சீனியம்மாளின் நினைப்பு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டது. அவள் நடை முக்கால் மீட்டர், அதை ஆபீஸ் வளாகத்தில் ஒரு தடவை டேப் வைத்துப் பார்த்திருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு நடை, முக்காலால் பெருக்கினால் முந்நூற்றொன்பது. முந்நூற்றொன்பது. ஒரு மீட்டர் வித்தியாசம். இந்தப் பெண் எப்போது வந்து அளந்தாள், யாரும் பார்க்கவில்லையே. கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, மூலையில் கல்லை வைத்து அளந்தாளா. வெயிலிலா. அதற்குள் மணி அடித்தது, ஒடிந்தது இன்னொன்று. கொட்டையைப் போட்டாள். போட்டுவிட்டு, போடத்தான் வேண்டுமா என்று நினைத்தாள். போட்ட பிறகு எடுப்பது கிடையாது.

எட்டுத் தேர்தலில் அவள் வாக்குப் போட்டிருக்கிறாள், புருஷன் இருந்தவரை. வேட்பாளர்கள் வருவார்கள், கும்பிடுவார்கள், அவரிடம் பேசுவார்கள். அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். ஒருத்தராவது, அம்மா நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்டதில்லை. வந்தவர்களை எண்ணி வைத்திருந்தாள், அந்த எட்டுத் தேர்தலில் முப்பத்தாறு பேர். முப்பத்தாறு பேரில் இரண்டு பேர் தண்ணீர் கேட்டார்கள், குடிக்க. வாக்குச் சாவடிக்குப் போகும் வழியில் அவர் தலையைத் திருப்பாமல், பூட்டுல குத்து என்பார், இல்லாவிட்டால் ஏணியில குத்து என்பார். அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்த மனுஷன். ஆனால் சீட்டை மடிக்கக்கூடச் சொல்லிக் கொடுப்பார், ஐம்பது குச்சி அடைத்த பெட்டியைக் கண் மூடி எண்ணுகிறவளுக்கு. ஒரே ஒரு தடவை, ஏழாவது தேர்தலில், அவர் சொன்னதற்கு மாற்றிக் குத்தினாள். அவர் சொன்ன ஆள் தோற்றார். அன்று சாயங்காலம் முழுக்கப் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த ஆள் ஒரு வாக்கில் தோற்றுவிட்டாரோ என்று. நாற்பத்தொரு வாக்கு என்று மறுநாள் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இப்போது அவர் போய் ஆறு வருஷம். ஒரு வாக்கில்லை, நூற்றுப் பன்னிரண்டு. இருந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பார். வாசலில்தான், மரத்தடியில், அவள் வந்து சொல்கிற வரைக்கும் பேசாமல். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது டிவியில் விஜயராணி நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதற்கு நன்றி. என்ன கேள்வி. மூன்றும் நாலும் நூறுநாள் வேலையும் தெருவிளக்கும், அது போயிற்று, அதற்குரிய கொட்டைகளைப் போட்ட ஞாபகம் விரலில் இருக்கிறது. இது ஐந்து. ஐந்தாவது கேள்வியில் விஜயராணியின் பதிலைத் தவறவிட்டுவிட்டாள். முத்துக்கனி பேசத் தொடங்கியிருந்தாள், பள்ளிக்கூடம் என்றாள், கக்கூஸ் கதவு என்றாள். சீனியம்மாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி பேசியதைக் கேட்காதபோது மற்றவள் பேசியதற்குக் கொட்டை போடுவது நியாயமில்லை. ஐந்தாவது இரண்டு பேருக்கும் தள்ளுபடி. இதை வெளியே சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியும். சொல்ல வேண்டும். செல்லக்கிளி என்ன சொல்வாள் என்று இப்போதே கேட்டது. ஆபீசில் கண் அசந்தால் அந்த வரிசையைத் திரும்பப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பேச்சைப் பிரிக்க முடியாது, போனது போனதுதான். ஆறாவது சுடுகாட்டுப் பாதை. விஜயராணி, முன்னோர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை என்றாள், ஆவன செய்யப்படும் என்றாள். முத்துக்கனி அந்தப் பாதையில் மழைக் காலத்தில் பாடை தூக்கினவர்கள் எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்பதைச் சொன்னாள், அப்புறம் மறுபடி சொன்னாள், அழுகிற மாதிரி ஆனாள். மணி. பித்தளை டம்ளர் கனத்துவிட்டது என்பது தூக்கிப் பார்க்காமலே தெரிந்தது.

ஏழாவது கேள்வியைக் கேபிள்காரர் கொஞ்சம் கடினமாகக் கேட்டார். மாநில நிதிக் குழு மானியத்தில் ஊராட்சிக்கு எதற்கெல்லாம் செலவழிக்க அதிகாரம் உண்டு? விஜயராணி, சட்டப்படி எது சரியோ அதன்படி வெளிப்படையாகச் செயல்படுவோம் என்றாள். பிறகு முத்துக்கனி. ஒரு சத்தமும் இல்லை. கரண்டு போய்விட்டதோ என்று சீனியம்மாள் தலையைத் திருப்பப் போனாள், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் குரல் வந்தது. "எனக்கு அது தெரியாது சார். நாளைக்குப் போய் விசாரிச்சு, திங்கக்கிழமை வடக்குத் தெருவுலயும் மேலத் தெருவுலயும் வந்து சொல்றேன்." அவ்வளவுதான். ரெட்டை இல்லை. ஒடியவும் இல்லை. மொட்டையா? சீனியம்மாள் ஒரு கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். விஷயமில்லாதது மொட்டை. தெரியாது என்பதில் விஷயம் இருக்கிறதா, இல்லையா. தெரியாது என்பதே ஒரு விஷயம். திங்கட்கிழமை என்பது ஒரு விஷயம். இரண்டு தெருவின் பெயர் இருக்கிறது. விஜயராணி சொன்னதில் எந்தத் தெரு இருந்தது? எந்தக் கிழமை இருந்தது? தேடினாள். முதல் கேள்வியிலிருந்து தேடினாள். கட்டைவிரலை மறுபடி ஒருமுறை எல்லாவற்றின் மேலும் இழுத்துப் பார்த்தாள். வழவழவென்று போயிற்று, எதிலும் தட்டாமல், கழிவு ஒன்றும் இல்லாமல், ஒன்றுமே இல்லாமல், பெட்டியின் அடிப்பாகம் வரைக்கும்.

கார்த்திகை மாதம் அது. வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருஷம். வடக்கே அனுப்ப லாரி வெளியே நின்றுகொண்டிருந்தது, எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இருபது நாள் கழித்து ஒரு பண்டல் திரும்பி வந்தது. போர்மேன் அதை மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மேஜைக்குக் கொண்டுவந்து பிரித்தார், ஏழு பெட்டியை எடுத்து வரிசையாக வைத்தார். ஏழும் காலி. அடைக்கிறவர்கள் அவசரத்தில் வெறும் பெட்டியையே மூடித் தள்ளியிருக்கிறார்கள், அவளும் திறந்து விரலை ஓட்டி, கழிவு இல்லை என்று அனுப்பியிருக்கிறாள். விரல் தேடியது கழிவை. குச்சி இருக்கிறதா என்று விரலிடம் யாரும் கேட்கவில்லை. போர்மேன் கோபப்படவில்லை. "சீனியம்மா, ஏழு பெட்டியிலயும் ஒரு கழிவுகூட இல்லம்மா" என்றார். சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் செத்தும் போனார். புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் ஒவ்வொரு பெட்டியையும் முதலில் கையில் எடை பார்த்தாள், பிறகுதான் விரலை விட்டாள், பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை, அதனால் இதற்கு முன்னாலும் திரும்பியதில்லை என்று ஊர் சொல்ல, அவளும் அதைப் பட்டுச் சேலை மாதிரி மேலே போட்டுக்கொண்டாள். அதை வைத்துத்தான் குருவம்மா கை நீட்டினாள். அதை வைத்துத்தான் செல்லக்கிளி சம்மதித்தாள். அதை வைத்துத்தான் இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டாள், முதல் தடவையாக எவர்சில்வரிலும் கொட்டைகளைப் போட்டாள், இதற்கு மேல் தவற விடக் கூடாது. மணி அடித்தது. இசை வந்தது. எவர்சில்வரில் மூன்று. பித்தளையில் இருபத்துமூன்று.

மூன்று, இருபத்துமூன்று என்று போய்ச் சொன்னால் போதும். ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள். செல்லக்கிளி கட்டிப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒன்பது பேரும் முகம் வாடினாலும் நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள், மீற மாட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டும் ஒரே பெட்டியில் விழும். சிதறாது. சிதறாமல் போய் எங்கே விழும்? கலந்து பேசி நல்ல முடிவு எடுக்கப்படும் என்கிற இடத்தில் விழும், இன்னும் ஐந்து வருஷம் நானூற்றிருபத்தைந்து நடை. மாற்றிச் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். எண்ணச் சொன்னால் எண்ணணும் என்பார்கள். ஏனென்று சொல்ல வேண்டுமானால் ஏழு பெட்டியைச் சொல்ல வேண்டும். வேறு விதமாகச் சொல்லத் தெரியாது அவளுக்கு, படித்தவர்கள் என்றால் சுற்றிச் சொல்லிவிடுவார்கள். அவள் கால்களை நீட்டி மடக்கினாள். எழுந்தாள். டம்ளர் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். முப்பத்தேழு வருஷப் பெருமை. அதில் இருபத்தாறு வருஷம் அசல். அதைப் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம், பதினோராவது வருஷத்தைக் கொடுத்துவிட்டு. தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெயில் சாய்ந்திருந்தது. முப்பது முகமும் ஒன்றாகத் திரும்பின. சீனியம்மாள் இரண்டாவது படியில் நின்றாள், கண்ணை மரத்தின் அடியில் வைத்தாள். "விஜயராணிக்குக் கழிவு மூணு. முத்துக்கனிக்கு இருபத்திமூணு. அஞ்சாவது கேள்வியில எனக்குக் கவனம் தப்பிருச்சு, அது ரெண்டு பேருக்கும் சேர்க்கல." செல்லக்கிளி துள்ளி எழுந்தாள். "நான் சொன்னேன்ல. எங்க மதினி பேச்சுன்னா பேச்சுதான்." சீனியம்மாள் கையைத் தூக்கினாள். அவள் கையைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் அடங்கினார்கள். "ஜெயிச்சது முத்துக்கனி" என்றாள். செல்லக்கிளி நிதானமாகக் கேட்டாள். "யக்கா, உங்களை எண்ணத்தான சொன்னோம். எண்ணிட்டு ஒண்ணு சொல்றீங்க, சொல்லிட்டு வேற சொல்றீங்க. முப்பத்தேழு வருஷம் இப்படித்தான் பெட்டி பார்த்தீங்களா?" நக்கல்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. "பதினோரு வருஷம் இப்படித்தான் பார்த்தேன்" என்றாள் சீனியம்மாள். "ஒரு பண்டல் திரும்பி வந்துச்சு. அதுல ஏழு பெட்டி காலி. கழிவு இருக்கான்னு பார்த்தேன், குச்சி இருக்கான்னு பார்க்கல. உங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை உக்கார வச்சிருக்க மாட்டீங்க."

குருவம்மா வாயில் கை வைத்தாள். அன்னலட்சுமி தீர்மான நோட்டை மூடினாள், மறுபடி திறந்தாள். யாராவது சிரிப்பார்கள் என்று சீனியம்மாள் காத்திருந்தாள், சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தது. படியிறங்கிக் கீழே போய்விடலாம் போல இருந்தது, ஆனால் கால் போகவில்லை, நின்றது, நன்றாகவே நின்றது. அறுபத்தெட்டு வயதுவரை இத்தனை முகத்துக்கு நேரே இத்தனை வார்த்தை அவள் பேசியதில்லை. பேசிய பிறகும் தலை கழுத்தின் மேல்தான் இருந்தது. செல்லக்கிளியின் குரல் மாறியிருந்தது. "அப்ப எங்க மதினி காலிப் பெட்டிங்கிறீங்க." "நான் அப்படிச் சொல்லல. நீயே பாரு. ஆறு மணிக்குத் திரும்பப் போடுறானாம். நான் சொல்றதுல தப்பு இருந்தா நோட்டுல என் கையெழுத்தை அடிச்சிருங்க." முதல் ஆளாக உள்ளே போய் டிவியின் ஒரு பக்கத்தைப் பிடித்தவள் செல்லக்கிளிதான். மறுபக்கத்தை அன்னலட்சுமி பிடித்தாள். வாசலைப் பார்க்கத் திருப்பி ஸ்டூலின் மேல் வைத்தார்கள். ஒயர் எட்டவில்லை, குருவம்மா ஓடிப் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தாள். சீனியம்மாளை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அவள் பின்னால் போகவில்லை, முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

இந்த முறை சுவர் இல்லை. இரண்டு பெண்களையும் அவள் அப்போதுதான் பார்த்தாள். விஜயராணி பச்சைப் பட்டு, புன்னகை. முத்துக்கனி கையில் ஒரு மடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு, அதைப் பிரிக்காமலே கசக்கிக்கொண்டிருந்தாள். திரையின் மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் நேரம் ஓடியது, இரண்டு நிமிடத்திலிருந்து கீழே இறங்கி. காதால் கேட்டபோது இது தெரியாது. முதல் கேள்வியில் விஜயராணி நன்றி சொன்னபோது ஒரு நிமிடம் முப்பது விநாடி மீதி என்று சிவப்பு நின்றது. முத்துக்கனி கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி மணியில் மாட்டிக்கொண்டபோது இரண்டு மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள். தண்ணீர்க் கேள்வி வந்தது. கலந்து பேசி நல்ல முடிவு எடுக்கப்படும் என்றாள் விஜயராணி, கைகூப்பினாள். ஒரு நிமிடம் முப்பத்தெட்டு என்று நின்றது சிவப்பு. செல்லக்கிளி சீனியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், முட்டியைக் கட்டிக்கொண்டு. அவள் திரையைத்தான் பார்த்தாள், விஜயராணியைத்தான் பார்த்தாள், தன் வீட்டு விசேஷத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்த அந்த மதினியை. "இன்னும் நேரம் கிடக்குல்ல மதினி" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல. "ஏதாவது சொல்லேன்." திரையில் விஜயராணி புன்னகையோடு காத்திருந்தாள், முத்துக்கனியின் முறை வரட்டும் என்று. சீனியம்மாள் செல்லக்கிளியின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கையை மட்டும் நகர்த்தி அவள் கையின் மேல் வைத்தாள். எடை பார்ப்பது மாதிரி இல்லை, சும்மா வைத்தாள். முத்துக்கனி மூச்சு வாங்கிக்கொண்டு, வடக்குத் தெருவுக்கு முந்நூத்திப் பத்து மீட்டர் என்று ஆரம்பித்தாள்.